அத்தியாயம் 9: அவுட்டிரைவ் படகில் ஹைட்ராலிக் ஸ்டியரிங் பொருத்துதல்

வேகப் படகுக்கு பிரேக் கிடையாது. எதிரே மிதக்கும் மரக்கட்டையோ நீந்துகிறவரோ தென்பட்டால் த்ராட்டிலைக் குறைக்கலாம், ஸ்டியரிங்கைத் திருப்பலாம், வேறு வழியில்லை. படகில் மற்ற எந்தப் பாகம் பழுதானாலும் நங்கூரம் போட்டுவிட்டு உதவிக்குக் காத்திருக்கலாம். முழு வேகத்தில் ஸ்டியரிங் கைவிட்டால் காத்திருக்க நேரம் இருக்காது. அதனால் இந்த அத்தியாயத்தில் உள்ள எந்தப் படியையும் தாண்டிப் போகாதீர்கள்.

நாம் எடுத்துக்கொள்ளும் படகு இது: 18 முதல் 24 அடி நீளம், உள்ளே ஒற்றை பெட்ரோல் எஞ்சின், பின்பலகைக்கு வெளியே ஒற்றை அவுட்டிரைவ், இப்போது இருப்பது கேபிள் ஸ்டியரிங். தமிழகக் கடற்கரையில் அவுட்போர்டும் உள்ளே பொருத்திய டீசல் எஞ்சினுமே அதிகம் தென்படுகின்றன. அவுட்டிரைவ் பெரும்பாலும் வட அமெரிக்க ஏரிகளுக்கும் ஐரோப்பியத் துறைகளுக்கும் உரிய பொருள். வோல்வோ பென்டா 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அக்குவாமேட்டிக் என்ற அவுட்டிரைவை அறிமுகப்படுத்தியது. 1961இல் மெர்க்ரூசர் வந்தது. கனடாவிலோ அமெரிக்காவிலோ நீங்கள் பழைய படகு வாங்கினால், அதன் பின்னால் தொங்குவது பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

தெரிந்திருக்க வேண்டிய அளவு கோட்பாடு

ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சிறிய பம்ப் இருக்கும். அதை ஹெல்ம் என்பார்கள். சக்கரத்தை வலப்பக்கம் சுற்றினால் ஒரு ஹோஸ் வழியாக எண்ணெய் போகும். இடப்பக்கம் சுற்றினால் இன்னொன்றின் வழியாகப் போகும். படகின் பின்பகுதியில் உள்ள சிலிண்டருக்குள் அந்த எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் தண்டு டிரைவின் ஸ்டியரிங் கையை அசைக்கும். ஹெல்முக்குள் இருக்கும் தடுப்பு வால்வுகள் எண்ணெயைத் தானாகத் திரும்பவிடாது. அதனால் ப்ரொப்பெல்லர் டிரைவை ஒரு பக்கம் இழுத்தாலும் அந்த இழுப்பு உங்கள் கைக்கு வந்து சேராது. கேபிளைவிட ஹைட்ராலிக் உயர்ந்தது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஒரு கணக்கு மட்டும் தெரிந்தால் போதும். சிலிண்டரின் கொள்ளளவை ஹெல்ம் ஒரு சுற்றுக்குத் தள்ளும் அளவால் வகுத்தால், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சக்கரத்தை எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது கிடைக்கும். ஹெல்ம் ஒரு சுற்றுக்கு 28 சி.சி. தள்ளுகிறது, சிலிண்டர் 140 சி.சி. கொள்கிறது என்றால் 5 சுற்று. பெரிய ஹெல்ம் போட்டால் சுற்று குறையும், சக்கரம் கனக்கும். சின்ன ஹெல்ம் போட்டால் சக்கரம் இலகுவாகும், ஆனால் படகைக் கட்டும் துறையில் கை ஓயாமல் சுற்ற வேண்டிவரும்.

முதலில் டிரைவைச் சோதியுங்கள்

புது ஸ்டியரிங் வாங்கும் முன் செய்யவேண்டிய சோதனை இது. பலர் இதைச் செய்வதில்லை. படகு ஓடும்போது நேர்கோட்டில் நிற்காமல் அலைகிறது, சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறது என்றால் கேபிள்தான் காரணம் என்று நினைத்து ஹைட்ராலிக் வாங்கிவிடுகிறார்கள். பணம் செலவான பிறகும் அலைச்சல் அப்படியே இருக்கும், ஏனென்றால் தேய்ந்திருப்பது டிரைவைத் தாங்கும் கிம்பல் வளையம்.

1. படகை டிரெய்லரில் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். டிரைவைக் கீழே இறக்குங்கள். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியைத் துண்டியுங்கள்.
2. ஒருவர் படகுக்குள் எஞ்சினுக்குப் பின்னால் இறங்கி, பின்பலகையின் உட்பக்கம் உள்ள ஸ்டியரிங் கையை டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.
3. இன்னொருவர் வெளியே நின்று டிரைவின் அடித்துடுப்பை இரு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டட்டும்.
4. வெளியே அசைவு இருக்கிறது, உள்ளே கை அசையவில்லை என்றால் தேய்மானம் கிம்பல் வளையத்திலோ அதன் மேல் சுழல்தண்டிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போகாதீர்கள். இது சிறிய வேலை அல்ல. டிரைவைக் கழற்ற வேண்டும், சில மாடல்களில் எஞ்சினையே தூக்கவேண்டி வரும்.
5. பழைய கேபிளை ஸ்டியரிங் கையிலிருந்து விடுவித்த பிறகு டிரைவைக் கையால் மறுபடி திருப்பிப் பாருங்கள். கரகரப்பின்றி, ஒரே அளவு பலத்தில், இரு கோடிவரை போக வேண்டும். இறுகிப் பிடிக்கும் டிரைவை ஹைட்ராலிக் தள்ளிவிடும் என்பது உண்மை. தள்ளித் தள்ளி சிலிண்டரின் சீல்களையும் பிடிமானங்களையும் சீக்கிரம் கெடுக்கும்.

பெல்லோஸ் என்னும் ரப்பர் உறைகளையும் இப்போதே பாருங்கள். டிரைவை இரு கோடிக்கும் திருப்பி, மடிப்புகளுக்குள் விரலை விட்டு வெடிப்பு இருக்கிறதா என்று தடவுங்கள். பெல்லோஸ் கிழிந்தால் படகுக்குள் தண்ணீர் வரும்.

எந்த சிலிண்டர்?

தவறான சிலிண்டர்தான் இந்த வேலையில் அதிக பணத்தை வீணாக்குகிறது. அவுட்டிரைவ்களில் இரண்டு வகை ஏற்பாடு உண்டு.

முதல் வகையில் பவர் ஸ்டியரிங் இருக்கும். எஞ்சினில் பெல்ட்டால் ஓடும் ஒரு பம்ப், பின்பலகையின் உள்ளே ஒரு பவர் சிலிண்டர், அதோடு ஒரு வால்வு. கேபிள் தரும் சிறிய தள்ளல் வால்வை அசைக்கும். வால்வு எஞ்சின் பம்பின் அழுத்தத்தை பவர் சிலிண்டருக்கு அனுப்பும். உண்மையான பளு அங்கேதான். இங்கே நீங்கள் போடும் ஹைட்ராலிக் சிலிண்டர் கேபிளின் இடத்தைத்தான் பிடிக்கிறது. அது சிறியது, வால்வை அசைப்பதற்காகவே செய்யப்பட்டது.

இரண்டாம் வகையில் பவர் உதவி இல்லை. சிலிண்டரே நேரடியாக ஸ்டியரிங் கையைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய சிலிண்டர் வேண்டும்.

இந்த இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது. சிறியதை நேரடியாகப் போட்டால் வேகத்தில் திருப்பும் பளுவைத் தாங்காது. பெரியதை வால்வில் போட்டால் வால்வின் பிடிமானம் உடையலாம். சீஸ்டார் போன்ற நிறுவனங்கள் இரு வகைக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. (டெலிஃப்ளெக்ஸ் என்ற பெயரில் பழைய பாகங்கள் கிடைத்தால் அதுவும் இந்தக் குடும்பம்தான், 2017 முதல் டொமெட்டிக் கையில் இருக்கிறது.) டிரைவின் மாடல், சீரியல் எண், ஆண்டு, பவர் உதவி உண்டா இல்லையா, எஞ்சினின் குதிரைசக்தி ஆகிய ஐந்தையும் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மிக வேகமான படகுகளில் பின்பலகைக்கு வெளியே சிலிண்டர்கள் வைக்கும் முறையும் உண்டு. அது தனிப் படிப்பு, இங்கே தொடவில்லை.

> எச்சரிக்கை: அவுட்போர்டுக்கான ஹைட்ராலிக் கிட் விலை மலிவாகக் கிடைக்கிறது என்று அவுட்டிரைவில் பொருத்த முயலாதீர்கள். கடையில் வெல்டிங் செய்து வாங்கிய பிராக்கெட்டில் ஸ்டியரிங் சிலிண்டரை மாட்டுவதை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க முடியாது.

கருவிகளும் பாதுகாப்பும்

ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், ஹோஸ் வெட்டும் கூர்மையான கட்டர், திரவ வகை பைப் சீலன்ட், இரண்டடி தெளிந்த பிளாஸ்டிக் குழாய், பழைய எண்ணெயைப் பிடிக்க பாட்டில், நிறைய துணி, புது காட்டர் பின்கள், கண்ணாடி, கையுறை. எண்ணெய் நிரப்பும் குழாயும் வேண்டும். அதை ஹெல்ம் நிறுவனமே விற்கும். இது இல்லாமல் புனல் வைத்து நிரப்பலாம் என்று தொடங்குகிறவர்கள் பாதியில் கடைக்கு ஓடுகிறார்கள்.

எண்ணெய் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஹெல்ம் நிறுவனம் சொல்லும் ஸ்டியரிங் எண்ணெய் மட்டுமே. கார் பிரேக் ஆயிலை எக்காரணத்தாலும் ஊற்றாதீர்கள். சீல்கள் ஊறிப் போய்விடும். பவர் ஸ்டியரிங் உள்ள படகில் இன்னொரு குழப்பமும் வரும். எஞ்சின் பம்பில் ஓடும் எண்ணெய் வேறு, ஹெல்மில் ஓடும் எண்ணெய் வேறு. இரண்டு சுற்றுகளும் எங்கேயும் சந்திப்பதில்லை. இரண்டு மூடிகளிலும் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒற்றை ஹெல்ம், ஒற்றை சிலிண்டர் உள்ள படகுக்கு, காற்றை வெளியேற்றும்போது சிந்துவதையும் சேர்த்து, சுமார் 2 லிட்டர் கையில் இருக்க வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; படகின் அடிப்பள்ளத்தில் தங்கும். எஞ்சின் மூடியைத் திறந்து காற்றோட்டம் தந்த பிறகே இறங்குங்கள். வேலை முடிந்து எஞ்சினை இயக்கும் முன் புளோவரைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்டுங்கள். ஒரு வார்த்தை அழுத்தத்தைப் பற்றி: இந்த வகை ஹெல்ம்களில் அழுத்தம் 1000 பி.எஸ்.ஐ., அதாவது ஏறத்தாழ 69 பார் வரை ஏறும். ஊசித்துளை அளவு கசிவிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள்.

பழையதைக் கழற்றுதல்

கேபிளை அறுத்து எடுக்கும் அவசரம் வேண்டாம். முதலில் அதன் இரு முனையையும் பல கோணங்களில் படம் எடுத்து வையுங்கள். வாஷர் எந்தப் பக்கம், பின் எந்தத் திசையில், பூட்டுத் தகடு எப்படி மடிந்திருக்கிறது என்பவை பொருத்தும் நேரத்தில் தேவைப்படும். துருப்பிடித்து இறுகிய கேபிள் நட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். சம்மட்டியால் அடித்தால் பவர் வால்வின் குழல் வளையும். அந்த ஒரு பாகத்தின் விலை உங்கள் முழு திட்டத்தையும் தாண்டிவிடும். சக்கரத்தை எடுக்கும்போதும் புல்லர்தான், சுத்தியல் அல்ல.

ஹெல்மைப் பொருத்துதல்

1. கிட்டோடு வரும் காகித அச்சை டேஷ்போர்டில் ஒட்டி, பின்னால் ஹோஸ் முனைகளுக்கும் ஸ்பேனர் சுழல்வதற்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. நிரப்பும் துளை மேல்நோக்கி இருக்க வேண்டும். இதில் சமரசம் இல்லை. காற்று மேலே ஏறித்தான் வெளியே போகும்.
3. டேஷ்போர்டு மெல்லிய ஃபைபராக இருந்தால் பின்னால் அலுமினியத் தகடு வைத்துத் தாங்கல் கொடுங்கள். ஓட்டுநர் தடுமாறும்போது முழு எடையோடு சக்கரத்தைப் பிடித்துத்தான் நிற்பார்.
4. பொருத்தும் நட்களையும் சக்கரத்தின் நட்டையும் கிட்டின் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள். சக்கரம் தண்டில் உட்கார அடிக்காதீர்கள். அடி நேராகப் பம்புக்குள் இறங்கும்.

ஹோஸ்களை இழுத்தல்

ஹோஸ்களின் முனைகளில் மூடி இருக்கட்டும். கடைசி நிமிடம்வரை கழற்றாதீர்கள். ஃபைபர் தூளின் ஒரு துணுக்கு ஹெல்மின் தடுப்பு வால்வில் சிக்கினால் போதும், சக்கரம் வழுக்கத் தொடங்கும். அந்தத் துணுக்கைத் தேடி மொத்த அமைப்பையும் பிரிக்க வேண்டிவரும்.

இரண்டு ஹோஸின் இரு முனையிலும் நிற டேப் சுற்றுங்கள்: ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை. எஞ்சினின் புகைக் குழாய், பேட்டரி முனைகள், சுழலும் பெல்ட் மூன்றிலிருந்தும் விலக்கி இழுங்கள். பலகையைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். சுமார் 45 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப் போடுங்கள். ஒட்டகத் திமில்போல் நடுவே மேலே ஏறி இறங்கும்படி ஹோஸை விடாதீர்கள். அந்த உச்சியில் காற்று தங்கும். சிலிண்டரிலிருந்து ஹெல்மை நோக்கி முடிந்தவரை ஏற்றமாகவே போகட்டும். சிலிண்டர் அருகில் மட்டும் அது அசைய ஏதுவாகச் சற்றுத் தளர்வு விடுங்கள். கையேட்டில் சொன்ன வளைவைவிட இறுக்கமாக வளைக்காதீர்கள்.

இணைப்புகளில் இரண்டு வகை வரும். ஓ-ரிங் உள்ள இணைப்புக்கு சீலன்ட் தேவையில்லை; ஓ-ரிங்கில் ஒரு சொட்டு ஸ்டியரிங் எண்ணெய் தடவினால் போதும். கூம்பு மரை உள்ள இணைப்புக்குத் திரவ சீலன்ட் தடவுங்கள், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு. டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். வீட்டுக் குழாயில் சுற்றிப் பழகிய கை இங்கேயும் அதைத்தான் தேடும். அதன் இழைகள் பிய்ந்து எண்ணெயில் மிதந்து வால்வுக்குப் போகும்.

சிலிண்டரைப் பொருத்துதல்

1. சிலிண்டரின் உடலை அதற்குரிய இடத்தில் மாட்டுங்கள். காற்று வெளியேற்றும் நிப்பிள்கள் மேல்நோக்கி இருக்க வேண்டும்.
2. பிஸ்டன் தண்டை இன்னும் ஸ்டியரிங் கையோடு இணைக்காதீர்கள். காற்றை எடுக்கும்போது தண்டைக் கையால் நகர்த்தவும் பிடிக்கவும் வேண்டியிருக்கும்.
3. ஹோஸ்களை மாட்டுங்கள். துணியால் துடைத்து, மரை கோணலாக ஏறாமல் முதலில் விரலால் சுற்றி, பிறகு ஸ்பேனர் போடுங்கள்.

நிரப்புதல், காற்று எடுத்தல்

அவசரமில்லாத ஒரு பிற்பகலும், நீங்கள் சொல்வதைக் கேட்டு அப்படியே செய்யும் ஒரு துணையும் வேண்டும். எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். குழாய்க்குள் ஒரு குமிழி இருந்தால் உங்கள் கைப்பலம் டிரைவுக்குப் போகாமல் குமிழியைச் சுருக்குவதிலேயே கரைந்துவிடும். முழுவேகத்தில் திருப்பும்போது டிரைவ் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவதன் காரணம் இதுதான்.

இருவரும் இரண்டு சொற்களை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்: "சுற்று", "நில்". படகின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வேறு எதுவும் பேச வேண்டாம்.

1. நிரப்பும் குழாயை ஹெல்மின் துளையில் திருகி, எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாக மாட்டுங்கள். பாட்டிலின் அடியில், இப்போது மேலே இருக்கும் பக்கத்தில், ஒரு துளை போடுங்கள். அது இல்லாவிட்டால் எண்ணெய் இறங்காது.
2. ஹெல்ம் நிறையும்வரை காத்திருங்கள். குழாயில் குமிழி ஏறுவது நின்ற பிறகே சக்கரத்தைத் தொடுங்கள்.
3. பாட்டில் காலியாக விடாதீர்கள். ஒருமுறை காற்றை உறிஞ்சினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
4. சிலிண்டர் இன்னும் காலி என்பதால், தண்டைக் கையால் தள்ளி வலது கோடிக்குக் கொண்டுவாருங்கள். பிஸ்டன் வந்து முட்டிய பக்கத்து அறைதான் இப்போது மிகச் சிறியது. அந்தப் பக்கத்து நிப்பிளில் தெளிந்த குழாயை மாட்டி, மறு முனையைப் பாட்டிலுக்குள் எண்ணெயில் அமிழ்த்துங்கள்.
5. நிப்பிளைச் சற்றே திறந்து, தண்டு நகராதபடி பிடித்துக்கொண்டு "சுற்று" என்று சொல்லுங்கள். எண்ணெய் அந்த அறைக்கு வரும் திசையில் துணை சக்கரத்தை மெதுவாகச் சுற்ற வேண்டும். எந்தத் திசை என்பது முதல் சில சுற்றிலேயே தெரிந்துவிடும்: குழாயில் முதலில் காற்றும் பிறகு நுரையும் வரும்.
6. குமிழியே இல்லாத எண்ணெய் தொடர்ந்து வரும்வரை விடாதீர்கள். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நிப்பிளை மூடுங்கள். பிறகு "நில்".
7. தண்டை விட்டுவிட்டு அதே திசையில் தொடர்ந்து சுற்றச் சொல்லுங்கள். தண்டு இப்போது தானாக மறு கோடிக்கு நகரும்.
8. அந்தக் கோடியின் நிப்பிளில் குழாயை மாட்டி, எதிர்த்திசையில் சுற்றி 5, 6ஆம் படிகளைச் செய்யுங்கள்.
9. இரு பக்கத்தையும் இன்னொரு முறை செய்யுங்கள். முதல் முறையில் வராத காற்று இரண்டாம் முறையில் வருவது சாதாரணம்.

சக்கரத்தை வேகமாகச் சுற்றினால் எண்ணெய் நுரைத்துவிடும். நுரைத்த எண்ணெயிலிருந்து காற்றைப் பிரிக்கப் பல மணி நேரம் ஆகும். வெளியே வந்த எண்ணெயை மறுபடி ஊற்றாதீர்கள். அதைத் தண்ணீரில் கொட்டுவது குற்றம் மட்டுமல்ல, நீங்கள் படகு விடும் நீரை நீங்களே கெடுப்பது. வாகனக் கழிவெண்ணெய் எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

முடிந்ததும் பாட்டிலை எடுத்து, எண்ணெய் மட்டத்தை நிரப்பும் துளையின் மரைக்குக் கீழே சுமார் 12 மி.மீ.யில் நிறுத்துங்கள். விளிம்புவரை நிரப்பினால் வெயிலில் எண்ணெய் விரிந்து மூடி வழியாகக் கசியும். சில சிலிண்டர்களில் தண்டு ஒரு பக்கம் மட்டுமே வெளியே வரும். அந்த வகையில் தண்டு உள்ளே போகும்போது அது இடம்பிடிக்கும் அளவு எண்ணெய் ஹெல்முக்குத் திரும்பும். ஆகவே தண்டு முழுவதும் உள்ளே இருக்கும் நிலையில் மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

இணைத்தலும் நடுவாக்கலும்

டிரைவை நேராக நிறுத்துங்கள். தண்டைப் பாதி தூரத்தில் வைத்து ஸ்டியரிங் கையோடு இணையுங்கள். இணைக்கும் பின்னுக்கு கிரீஸ் தடவி, புதிய காட்டர் பின் போட்டு, அதன் இரு காலையும் நன்றாக விரித்து வையுங்கள். பழைய காட்டர் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். சில காசு விலையுள்ள அந்தக் கம்பி விழுந்தால் ஸ்டியரிங் முழுவதும் போனதுதான். பூட்டுத் தகடு உள்ள போல்ட்டுகளில் தகட்டின் காதை மடிக்க மறக்காதீர்கள்.

பிறகு டிரைவை இரு கோடிக்கும் திருப்பி, ப்ரொப்பெல்லர் தண்டின் நடுவிலிருந்து பின்பலகைக்கு உள்ள தூரத்தை இரு பக்கமும் அளவுநாடாவால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டின் முனையைச் சரிசெய்யுங்கள். டிரைவை முழுவதும் மேலே தூக்கிய நிலையிலும் இடம், வலம் திருப்பி, எதுவும் பெல்லோஸிலோ டிரிம் குழாய்களிலோ உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள். எஞ்சின் ஓடாமல் மட்டும்: உயர்த்திய டிரைவில் எஞ்சினை ஓட்டினால் உள்ளே உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் கெடும்.

> திசை குழப்பம்: சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினால் டிரைவின் ப்ரொப்பெல்லர் முனை வலப்பக்கம் போக வேண்டும். அப்போது படகுக்குள் இருக்கும் ஸ்டியரிங் கை இடப்பக்கம் நகரும், ஏனென்றால் அது சுழலும் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. உள்ளே இருக்கும் கையைப் பார்த்து "எதிராகப் போகிறதே" என்று ஹோஸ்களை மாற்றிவிடாதீர்கள். வெளியே ப்ரொப்பெல்லரைப் பார்த்து முடிவெடுங்கள். உண்மையாகவே எதிராக இருந்தால் ஹெல்ம் பின்னால் இரு ஹோஸையும் இடம் மாற்றி, மறுபடி காற்றை எடுக்க வேண்டும்.

கரையிலேயே தேர்வு

சக்கரத்தை ஒரு கோடிக்குத் திருப்பி, நின்ற பிறகும் கையால் அழுத்துங்கள். கல்போல் நிற்க வேண்டும். நுரைப்பஞ்சு போல் அமுங்கி, விட்டதும் திரும்பி வந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. நிரப்பும் மூடியைத் திறந்து வைத்து இதையே செய்யுங்கள்: அழுத்தும்போது எண்ணெய் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் அதுவும் காற்றின் அடையாளம். இரு கோடியிலும் செய்யுங்கள். பிறகு எல்லா இணைப்புகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் மேலேறிய காற்றால் மட்டம் சற்று இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள்.

இந்தத் தேர்வில் தேறாத படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

தண்ணீரில்

உயிர்காப்பு உடை அணிந்து, எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடலோடு மாட்டிக்கொள்ளுங்கள். அமெரிக்க நீர்நிலைகளில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் இந்தக் கயிற்றை மாட்டிக்கொள்வது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம். ஓட்டுமிடம் திறந்திருக்கும் படகு சறுக்கு வேகத்தில் ஓடும்போது இது பொருந்தும். சட்டம் இல்லாத இடத்திலும் முதல் ஓட்டத்தில் இது இல்லாமல் போகாதீர்கள். ஸ்டியரிங் தவறினால் படகு சட்டென்று சுழன்று ஆளை வெளியே எறியும். ஓட்டுநர் இல்லாத படகு அவரைச் சுற்றியே ஓடும்.

நெரிசல் இல்லாத நேரத்தில், திறந்த நீரில், நடைவேகத்தில் தொடங்குங்கள். இரு கோடிக்கும் பலமுறை திருப்புங்கள். பிறகு சற்றுச் சற்றாக வேகம் கூட்டி, ஒவ்வொரு வேகத்திலும் மென்மையாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். முழு வேகத்தில் கோடிவரை திருப்பும் சோதனை எதற்கும் தேவையில்லை.

இரண்டு விஷயங்கள் புதியவரைக் கலங்கடிக்கும். இரண்டும் பழுது அல்ல. ஒன்று, படகு நேராகப் போகும்போது சக்கரத்தின் ஆரக்கால் நேற்று மேலே இருந்தது, இன்று பக்கவாட்டில் இருக்கிறது என்பது. ஹைட்ராலிக்கில் சக்கரத்துக்கும் டிரைவுக்கும் இரும்புப் பிணைப்பு இல்லை. வால்வுகளில் நிகழும் நுண்ணிய கசிவால் ஆரக்கால் மெதுவாக இடம் மாறும். இரண்டு, ஒரு பக்கம் திருப்புவது மறுபக்கத்தைவிட இலகுவாக இருப்பது. வலம்சுற்றும் ஒற்றை ப்ரொப்பெல்லர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுக்கும். டிரைவின் தகட்டுக்கு அடியில் உள்ள சிறிய டிரிம் டேபின் பின்முனையை, எந்தப் பக்கம் இலகுவாகத் திரும்புகிறதோ அந்தப் பக்கம் சற்று நகர்த்தினால் இது குறையும். வோல்வோ பென்டா 1982இல் கொண்டுவந்த டியோப்ராப் போல, இரு ப்ரொப்பெல்லர்கள் எதிரெதிராகச் சுழலும் டிரைவ்களில் இந்த இழுப்பு ஏறக்குறைய இருக்காது.

பழுது பார்த்தல்

சக்கரம் கனமாக இருந்தால் சிலிண்டர் தண்டை ஸ்டியரிங் கையிலிருந்து கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். இப்போதும் கனம் என்றால் குறை ஹோஸ் மடிப்பிலோ தவறான எண்ணெயிலோ ஹெல்மிலோ இருக்கிறது. இலகுவாகிவிட்டால் குறை டிரைவில், அல்லது பவர் உதவியில். எஞ்சின் பம்பின் பெல்ட்டையும் எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள்.

சக்கரம் கோடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே சுற்றினால், காற்று இல்லை என்று உறுதியான பிறகு, தடுப்பு வால்வில் அழுக்கைச் சந்தேகியுங்கள். ஹெல்மைத் திறப்பது வீட்டு வேலை அல்ல. பழுதுபார்க்கும் நிலையத்துக்கு அனுப்புங்கள். மட்டம் அடிக்கடி இறங்கினால் தண்டு வெளியே வரும் இடத்து சீலைத் துடைத்துப் பாருங்கள். உப்பு நீரில் ஓடும் படகுகளில் தண்டின்மேல் காய்ந்த உப்புப் பரல் சீலை அறுக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நன்னீரால் கழுவித் துடைப்பது தவிர இதற்கு மருந்து இல்லை.

முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, எஞ்சின் மூடியைத் திறந்து ஒவ்வொரு நட்டையும் காட்டர் பின்னையும் ஹோஸ் இணைப்பையும் கையால் தொட்டுச் சரிபாருங்கள். எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள். அந்தச் சோதனை முடியும்வரை படகை வேறு யாரிடமும் ஓட்டக் கொடுக்காதீர்கள், பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.